வேலைக்காரர் என்று எழுதப்பட்ட அடிமைகள்

1

ஆதி கிறிஸ்தவம் அடிமை முறையை எதிர்த்ததா, தாங்கிப் பிடித்ததா? தலித் இயக்கக் கூட்டங்களிலும் அவற்றுக்கு வெளியே நடக்கிற டீக்கடைப் பேச்சுகளிலும் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு தரப்பு கலாத்தியர் நிருபத்தைக் கையில் எடுத்துக்கொள்ளும். கிறிஸ்துவுக்குள் அடிமைக்கும் சுதந்திரனுக்கும் பேதமில்லை என்று பவுல் சொல்லிவிட்டார், இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்கும். மறுதரப்பு எபேசியர் நிருபத்தைப் புரட்டும். எஜமானனுக்கு நடுங்கிக் கீழ்ப்படியச் சொன்ன மதம்தானே இது, இதுவா நமக்கு விடுதலை தரும் என்று திருப்பிக் கேட்கும். இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. இரண்டும் ஒரே புத்தகத்தில், சில பக்க இடைவெளியில்தான் இருக்கின்றன.

வசனத்துக்கு வசனம் எண்ணிக்கொண்டிருந்தால் இது பட்டிமன்றமாகத்தான் முடியும். பிரதிக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், அந்தப் பிரதி யாருடைய வீட்டில், யார் கேட்க, யாரால் வாசிக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். பிறகு அது தமிழுக்கு வந்தபோது எந்தச் சொல் எந்தச் சொல்லாக மாறியது, செங்கல்பட்டுச் சீமையில் சேரிக்காரன் காதில் அது எப்படி விழுந்தது என்றும் பார்க்க வேண்டும். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் நம்முடைய விவாதத்தின் இடமே நகர்கிறது என்பது என் கருத்து. அடிமையை விடுவிப்பது என்றால் என்ன என்பதே இங்கே பிரச்சினை. உபதேசத்தில் விடுவிப்பதா, சட்டத்தில் விடுவிப்பதா, நிலத்தில் விடுவிப்பதா?

2

முதலில் சொல்லிலிருந்து தொடங்குவோம். தமிழ் படித்தவனுக்கு அதுதான் பழக்கம்.

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் 'தூலோஸ்' என்று ஒரு சொல் வருகிறது. விலைக்கு வாங்கப்பட்ட, விற்கப்படக்கூடிய ஆள் என்பது அதன் பொருள். அதில் மயக்கம் எதுவும் கிடையாது. ரோமப் பேரரசின் தெருவில் அந்தச் சொல்லைக் கேட்ட எவனுக்கும் சந்தைத் திண்ணையில் நிறுத்தப்பட்ட ஒரு உடம்புதான் நினைவுக்கு வந்திருக்கும். இந்த ஒரு சொல்லை, பவர் தலைமையிலான குழு செய்து 1871இல் முழுமையாக வெளிவந்த தமிழ் வேதாகமம் எப்படிப் பிரித்துப் போடுகிறது பாருங்கள். பவுல் தன்னைக் கிறிஸ்துவின் 'தூலோஸ்' என்று சொல்லிக்கொள்ளும் இடத்தில் அது 'ஊழியக்காரன்' ஆகிறது. கிறிஸ்து தன்னை வெறுமையாக்கிக்கொண்டு எடுத்த ரூபத்தைச் சொல்லும் பிலிப்பியர் நிருபத்தில் அது 'அடிமை' ஆகிறது. எஜமானனுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் எபேசியர், கொலோசெயர், தீத்து நிருபங்களில் அதே சொல் 'வேலைக்காரர்' ஆகிவிடுகிறது.

ஆக, உண்மையான அடிமைகளை நோக்கிப் பேசும் இடத்தில் அடிமை இல்லை. உருவகமாகப் பேசும் இடத்தில் அடிமை இருக்கிறான். கடவுளின் மகன் அடிமையாகலாம், அவனை 'அடிமை' என்று துணிந்து எழுதலாம். பண்ணையில் கிடக்கிறவன் மட்டும் வேலைக்காரன்.

இது தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் தனியாகச் செய்த சூழ்ச்சி என்று நான் சொல்ல வரவில்லை. 1611இன் ஆங்கில மொழிபெயர்ப்பே அந்த இடங்களில் வேலையாளைக் குறிக்கும் சொல்லைத்தான் போட்டிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் அடிமை முறையை ஆதரித்த பாதிரிகளும் எதிர்த்த பாதிரிகளும் அந்தச் சொல்லை வைத்தே மல்லுக்கட்டினார்கள். ஆனால் சென்னை ராஜதானியில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு துணை இருந்தது. 1843ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம், அடிமை மீது எஜமானனுக்குள்ள உரிமையை நீதிமன்றங்கள் இனி ஏற்கக் கூடாது என்றது. 1860இல் இயற்றப்பட்டு 1862இல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டம் ஆளை வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. அதற்குப் பிறகு ரெவின்யூ காகிதங்களில் அடிமை இல்லை. பண்ணையாளும் படியாளும் 'விவசாயத் தொழிலாளி' ஆகிவிட்டார்கள். ஆள் அதே ஆள், களம் அதே களம், கூலியாக அளந்து போடுகிற நெல்லும் அதே நெல். பெயர் மட்டும் மாறியது. ரூபா விஸ்வநாத் 2014இல் வெளியிட்ட நூலில், அரசாங்கம் இந்தப் பெயர் மாற்றத்தின் மறைவில் எப்படி அடிமை முறையைக் காணாமல் ஆக்கியது என்பதை விரிவாகக் காட்டியிருக்கிறார். வேதாகமமும் ரெவின்யூ போர்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே பட்டணத்தில், ஒரே ஆளுக்கு ஒரே பெயரை வைத்திருக்கின்றன. கலந்து பேசிச் செய்ததற்கு ஆதாரம் தேட வேண்டியதில்லை. கருத்தியல் வேலை செய்வதற்குக் கூட்டம் போட வேண்டிய அவசியம் கிடையாது.

1995இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு எபேசியரில் 'அடிமைகளே' என்றே விளிக்கிறது. நல்லது. நூறு வருஷத்துக்கு மேல் கழித்தாவது சொல் திரும்பி வந்தது. ஆனால் அந்த விளியைக் கேட்டு இன்றைக்கு ஆலயத்தில் உட்கார்ந்திருக்கிறவர், இது யாரோ பழங்கால ரோமாபுரிக்காரனுக்குச் சொன்னது என்று நினைத்துக்கொள்ள வசதியாகவும் போய்விட்டது. பழைய மொழிபெயர்ப்பு ஆளை மறைத்தது, புதியது அவனைத் தூரத்துக்கு அனுப்பிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் சேரி விடுபட்டுப் போகிறது.

3

இனி ரோமாபுரிக்கே போவோம். பிலேமோனுக்கு எழுதிய நிருபம் ஒரே அதிகாரம், 25 வசனம். பவுல் சிறையில் இருக்கிறார். ஒநேசிமு என்கிற அடிமை அவரிடம் இருக்கிறான். அவன் ஓடி வந்தவன் என்பது மரபான வாசிப்பு. நிருபம் அதை நேராகச் சொல்லவில்லை. ஒநேசிமு என்றால் 'பிரயோஜனமுள்ளவன்' என்று பொருள். இது அடிமைக்கு வைக்கிற பெயர். நம்ம ஊரில் அப்பன் ஆத்தா ஆசையாய் வைத்த பெயரை விட்டுவிட்டு 'டேய்' என்று கூப்பிட்டது போல, அங்கே உபயோகத்தையே பெயராக வைத்திருக்கிறார்கள். பவுல் அந்தப் பெயரை வைத்தே சிலேடையும் செய்கிறார். முன்பு உனக்குப் பிரயோஜனமில்லாதவன், இப்போது நம் இருவருக்கும் பிரயோஜனமானவன் என்கிற பாணியில்.

பிறகு அவனை எஜமானனிடம் திருப்பி அனுப்புகிறார். அடிமையாக ஏற்காதே, அடிமைக்கு மேலான சகோதரனாக ஏற்றுக்கொள், என்னை ஏற்பது போல ஏற்றுக்கொள் என்கிறார். அவனால் ஏதும் நஷ்டமிருந்தால் என் கணக்கில் எழுது என்கிறார். இவ்வளவும் சொன்ன மனுஷர் 'விடுதலை செய்' என்ற ஒரு சொல்லை மட்டும் எழுதவில்லை. இந்த மௌனத்தின் மேல்தான் இரண்டாயிரம் வருஷத்து வியாக்கியானம் உட்கார்ந்திருக்கிறது. அடிமை முறையை எதிர்த்தவன் அந்த மௌனத்தில் விடுதலையைக் கேட்டான். ஆதரித்தவன் அதே மௌனத்தில் திருப்பி அனுப்பியதைக் கேட்டான். ஒநேசிமு என்ன சொன்னான் என்று நிருபத்தில் ஒரு வார்த்தை கிடையாது. கடிதத்தைச் சுமந்துகொண்டு போனவன் அவனாகத்தான் இருக்க வேண்டும். தன்னைப் பற்றிய பேச்சைத் தானே தூக்கிக்கொண்டு போகிறான், பேசும் இடம் மட்டும் அவனுக்கு இல்லை.

பவுலுக்குப் பின்னால் வந்தவர்கள் இந்த மௌனத்தை ஒரு பக்கமாக நிரப்பினார்கள். அந்தியோகியா இக்னேசியு, இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொலிகார்ப்புக்கு எழுதும்போது, சபைப் பணத்தில் தங்களை மீட்கச் சொல்லி அடிமைகள் ஆசைப்படக் கூடாது என்று புத்தி சொல்கிறார். கூடாது என்று எழுத வேண்டிவந்தது என்றால் கேட்டிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? தடையை வைத்தே தடுக்கப்பட்ட குரலைக் கேட்க முடிகிறது. நான்காம் நூற்றாண்டில் சின்ன ஆசியாவின் கங்ரா நகரில் கூடிய சங்கம் இன்னும் கறாராகப் பேசியது. பக்தியைச் சாக்காக வைத்து, எஜமானனை மதிக்காதே, வேலையை விட்டுவிட்டு வா என்று அடிமைக்கு யாராவது போதித்தால் அவன் சபிக்கப்பட்டவன் என்றது. அப்படிப் போதித்தவர்கள் இருந்தார்கள். துறவி எஸ்தாத்தியுவின் ஆட்கள் அவர்கள். 451இல் கல்கதோன் சங்கம் எஜமானன் சம்மதமில்லாமல் அடிமையை மடத்தில் சேர்க்காதே என்றது. அகஸ்டின் தன் 'கடவுளின் நகரம்' நூலில் அடிமைத்தனம் இயற்கையானது அல்ல என்று ஒப்புக்கொண்டார், ஆனால் அது பாவத்தின் தண்டனை என்று முடித்தார். நம்ம காதுக்கு இது எங்கேயோ கேட்ட குரலாக இல்லையா? கர்மவினை என்ற சொல் மட்டும்தான் குறைகிறது.

இதற்கு எதிர்த் திசையிலும் குரல்கள் இருந்தன, மறைக்க வேண்டியதில்லை. நிசாவின் கிரகோரி 380 வாக்கில் பிரசங்கி நூலைப் பற்றிய நான்காவது பேருரையில், கடவுளின் சாயலுக்கு என்ன விலை போடுவாய், அதை வாங்க உன் மடியில் எத்தனை காசு இருக்கிறது என்று எஜமானனைப் பார்த்துக் கேட்டார். பழைய உலகம் முழுக்கத் தேடினாலும் அடிமை வைத்திருப்பதையே பாவம் என்று இவ்வளவு நேராகச் சொன்ன குரல் கிடைப்பது அரிது. அகஸ்டினுடைய ஹிப்போ துறைமுகத்திலேயே, அவர் ஊரில் இல்லாத சமயத்தில், ஆள்பிடிக்கிற வியாபாரிகளின் கப்பலிலிருந்தும் அடைத்து வைத்த இடத்திலிருந்தும் சபை மக்கள் நூற்றிருபது பேர் அளவுக்கு மீட்டார்கள். 1981இல் பதிப்பிக்கப்பட்ட அவருடைய கடிதம் ஒன்று இதைச் சொல்கிறது. பேராயர் கோட்பாடு எழுதிக்கொண்டிருந்தார், சனங்கள் கப்பலுக்குப் போனார்கள். ஆதி கிறிஸ்தவம் என்று ஒற்றையாகப் பேசுகிறோமே, அதற்குள் இந்தப் பிளவு இருக்கிறது. வரலாறு என்று நமக்கு வந்து சேர்ந்திருப்பது சங்கங்களின் தீர்மானங்கள். கப்பலுக்குப் போனவர்கள் தற்செயலாகக் கிடைத்த ஒரு கடிதத்தில் தலைகாட்டுகிறார்கள்.

பெத்தினியா நாட்டு ஆளுநன் பிளினி 112 வாக்கில் இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்ததை மன்னனுக்கு எழுதுகிறான். சபையில் அவர்கள் ஊழியப் பொறுப்பில் இருந்தவர்கள். அடிமைப் பெண் சபைக்குப் பொறுப்பாளியாக இருக்க முடிந்த காலம் ஒன்று இருந்தது. அவர்கள் பெயரைக்கூடப் பிளினி எழுதி வைக்கவில்லை.

4

'நம்ம மரபு இதைவிட மேல்' என்று யாரும் நிம்மதியடைய வேண்டாம். அடிமையை உருவகமாக்கி உயர்த்திவிட்டு ஆளை அப்படியே விட்டுவைக்கும் வேலையைப் பக்தியும் செய்திருக்கிறது. எம்.ஏ. வகுப்பில் எங்களுக்குப் பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட கதையைப் பக்தி உருக்கமாகத்தான் நடத்தினார்கள். ஆனால் கதை என்ன? கல்யாணப் பந்தலில் ஒரு கிழப் பிராமணர் வந்து, நீ எனக்கு வழிவழி அடிமை, உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழிக்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. மூல ஓலை வருகிறது, கையெழுத்து ஒப்பிடப்படுகிறது, தீர்ப்பு சுந்தரருக்கு எதிராக வருகிறது. ஆளோலை, சாட்சி, கையெழுத்து ஒப்பீடு, பரம்பரை பாத்தியதை என்று ஒரு முழு அடிமைச் சட்டம் இந்தக் கதைக்குள் இருக்கிறது. சேக்கிழார் அதைக் கற்பனையில் கண்டெடுக்கவில்லை. தன்னையும் தன் பிள்ளைகளையும் கோயிலுக்கு விற்றுக்கொண்டவர்களின் பதிவுகள் சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே கிடைக்கின்றன.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தணன் அந்தணனுக்கு அடிமையாவது எங்காவது உண்டா என்பதுதான் சுந்தரரின் முதல் வாதம். அடிமை முறை தப்பு என்று அவர் வாதாடவில்லை. என் சாதிக்கு அது கிடையாது என்கிறார். எஜமானன் சிவன் என்று தெரிந்ததும் அடிமைத்தனம் பேறாகிவிடுகிறது. ஆண்டவனுக்கு அடிமை என்பது பெருமையாக ஆக ஆக, ஆண்டைக்கு அடிமையாய் இருக்கிறவன் இலக்கியத்திலிருந்து காணாமல் போகிறான். பவுலின் 'தூலோஸ்' செய்ததும் இதேதான். கடல்மல்லையில் பிறந்ததாகச் சொல்லப்படும் பூதத்தாழ்வார் தொடங்கி அடியார் மரபு முழுவதையும் இந்தக் கோணத்தில் ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம்.

நந்தன் கதையும் இப்படித்தான். சேக்கிழார் செங்கல்பட்டுச் சீமையைச் சேர்ந்திருந்த குன்றத்தூர்க்காரர். அவருடைய திருநாளைப்போவாருக்கு ஆண்டை கிடையாது. ஊர்த்தொழிலுக்கான மானிய நிலம் உண்டு. 1860களின் தொடக்கத்தில் வெளியான கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தன் சரித்திரத்தில்தான் வேதியர் என்ற ஆண்டை வருகிறார், உத்தரவு கேட்டு நிற்கிற பண்ணையாள் வருகிறான். சட்டத்தில் அடிமை மறைந்துகொண்டிருந்த அதே காலத்தில் பாட்டில் அவன் முளைக்கிறான். அந்த வேதியரும் கடைசியில் நந்தனை ஏற்கிறார், பக்தனாக. பிலேமோனும் ஏற்றிருப்பான், சகோதரனாக. வயல் யாருடையது என்ற கேள்வி இரண்டு கதையிலும் எழவே இல்லை.

5

இனி நம்ம கடற்கரை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டிச் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் கோட்டை இடிபாடு இருக்கிறது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுக் கல்லறைகள் அழகான செதுக்கு வேலையோடு கிடக்கின்றன. அந்தக் கல்லறைகளில் உள்ளவர்கள் சீர்திருத்தச் சபைக் கிறிஸ்தவர்கள். சல்லாத் துணி வாங்க வந்தவர்கள் என்று சுற்றுலாக் கையேடு சொல்லும். பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினம் வரை இந்தக் கரையில் அவர்கள் துணியோடு ஆளையும் ஏற்றினார்கள். பஞ்சமும் படையெடுப்பும் வந்த வருஷங்களில் ஆள் விலை சரிந்தது, கப்பல் நிறைந்தது. தஞ்சைப் பக்கம் பாழாகிக் கிடந்த 1659–61 காலத்தில் மட்டும் 8,000 முதல் 10,000 பேர் வரை ஏற்றப்பட்டதாக மார்க்கஸ் விங்க் கணக்குச் சொல்கிறார். பெரும்பகுதி இலங்கைக்குப் போனது, மீதி பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும்.

இதற்கு வேதத்தில் இடம் தேடாமல் இருப்பார்களா? 1742இல் லெய்டன் பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வுரை வாசிக்கப்பட்டது. அடிமைத்தனம் கிறிஸ்தவச் சுதந்திரத்துக்கு முரணானதல்ல என்பது அதன் தலைப்பும் முடிவும். வாசித்தவர் ஜாகோபுஸ் கேபிட்டெய்ன், சிறுவயதில் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டவர். கிறிஸ்து தரும் சுதந்திரம் ஆவிக்குரியது, உடம்புக்கல்ல என்பது வாதம். ஒநேசிமுவைக் கடைசியில் பேச வைத்தார்கள். எஜமானனின் வரிகளைச் சொல்ல வைத்தார்கள்.

உள்நாட்டுக்கு வருவோம். ரோமாபுரி அடிமைக்கும் செங்கல்பட்டுப் பண்ணையாளுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நமக்கு மார்க்சிய வகுப்புகளில் இது அழுத்தமாகச் சொல்லப்படவில்லை. ரோம அடிமைகளில் கணிசமானவர்கள் வீட்டுக்குள் இருந்தவர்கள். சமைத்தார்கள், பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்கள், கணக்கு எழுதினார்கள். எஜமானன் விடுவித்தால் முறைப்படி குடியுரிமையும் கிடைக்கும், பேரன் காலத்தில் பழைய கதை மறந்துபோகலாம். இங்கே அடிமை வீட்டுக்குள் வரக் கூடாதவன். ஊருக்கு வெளியே சேரியில் இருக்க வேண்டியவன். நிலம் கைமாறினால் அவனும் சேர்ந்து கைமாறினான். விடுவித்தாலும் பறையன் பறையன்தான், பேரனுக்கும் அதுதான். அதனால் பவுலின் வாக்கியம் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக வெட்டுகிறது. கொலோசேயில் பிலேமோனுக்குக் கஷ்டமாக இருந்திருக்கக்கூடியது விடுதலைப் பத்திரம். செங்கல்பட்டு மிராசுதாருக்குக் கஷ்டமாக இருந்திருக்கக்கூடியது 'என்னை ஏற்பது போல ஏற்றுக்கொள்' என்கிற வரி, அதாவது ஒரே பந்தி. ஆதிச்சபை சகோதரத்துவத்தைக் கொடுத்து விடுதலையை நிறுத்தி வைத்தது. 1843ஆம் வருஷச் சட்டம் விடுதலையைக் கொடுத்தது. சகோதரத்துவமும் கொடுக்கவில்லை, நிலமும் கொடுக்கவில்லை.

சென்னை ராஜதானியின் மிஷனரிகளும் வெகுகாலம் இந்தப் பிரச்சினையைச் சபைக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தார்கள். 1833இல் பேராயர் வில்சன் சபைக்குள் சாதியை உடனே ஒழிக்க வேண்டும் என்று கடிதம் எழுதினார். தஞ்சையில் வேதநாயக சாஸ்திரியார் முதலானவர்கள் எதிர்த்து நின்றார்கள். 1850இல் சென்னை மிஷனரி மாநாடு சாதி ஒழிப்புக்குச் சமபந்தியைச் சோதனையாக வைத்தது. அது அவசியமான சண்டைதான். ஆனால் பந்தி முடிந்து எழுந்து போகிறவன் யாருடைய நிலத்தில் போய்ப் படுக்கிறான் என்பது அந்தச் சண்டையில் வரவில்லை.

1880, 90களில்தான் இது உடைகிறது. உடைத்தது யார்? சுதந்திரத் திருச்சபையின் ஸ்காட்லாந்து மிஷனரி ஆடம் ஆண்ட்ரூ செங்கல்பட்டில் இருந்தார். வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடி, அன்றைக்குச் செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்த திருவள்ளூர்ப் பக்கம் இருந்தார். இவர்கள் நிலம், குடிமனை, கடன் பத்திரம் என்று எழுத ஆரம்பித்தார்கள். பரோபகாரக் கதையாடல் இந்த இடத்தில் 'வெள்ளைக்காரச் சாமிக்கு இரக்கம் வந்தது' என்று முடிந்துவிடும். எனக்கு இதில் உடன்பாடில்லை. 1876–78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு மிஷன் பங்களா வாசலுக்கு வந்தவர்கள் ஆத்துமத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வரவில்லை. தரிசு நிலத்துக்கு தர்காஸ்து போட்டால் மிராசுதார் முன்னுரிமை கேட்டுத் தட்டிப் பறிக்கிறார், சேரி மனைக்கட்டு தன்னுடையது என்கிறார், வாய் திறந்தால் குடிசையைப் பிடுங்குகிறார் என்கிற வழக்கோடு வந்தார்கள். பாதிரிகளைத் தாலுகா கச்சேரிக்கு இழுத்தவர்கள் அவர்கள். வேதத்தை நிலத்தின் புத்தகமாக முதலில் வாசித்தவர்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்.

கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891 அக்டோபரில் செங்கல்பட்டுப் பறையர்கள் பற்றிய குறிப்பை அரசாங்கத்துக்கு அனுப்பினார். அற்பக் கடனுக்குத் தன்னையும் பிள்ளைகளையும் வேலைக்கு எழுதிக் கொடுக்கிற பத்திரங்களும், சொந்தமில்லாத மனைக்கட்டும், நிலம் கேட்டால் நடப்பதும் அதில் பேசப்பட்டன. சட்டப்படி செத்துப்போன அடிமைமுறை சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் உயிரோடு இருந்தது. மேலே இருந்த அதிகாரிகள் பலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட 1010, 1010ஏ ரெவின்யூ உத்தரவுகள் வந்தன. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அங்கிருந்துதான் தொடங்குகிறது. பத்து வருஷத்துக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியாருக்குள்ளேதான் கைமாறலாம் என்பது நிபந்தனை.

இங்கேயும் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. ஆண்ட்ரூ சிங்கப்பெருமாள்கோயில் பக்கம் மெல்ரோசாபுரம் என்று ஸ்காட்லாந்துப் பெயர் வைத்து ஒரு விவசாயக் குடியேற்றம் அமைத்தார். ஆண்டையின் மனையிலிருந்து வெளியே வந்தவனுக்கு அது பெரிய விஷயம். அதே சமயம் அங்கே பாதிரியின் கண்காணிப்பு இருந்தது, ஒழுக்கப் பாடம் இருந்தது, பஞ்சமன் மேய்க்கப்பட வேண்டியவன் என்கிற பார்வை இருந்தது. 'பிரயோஜனமுள்ளவனாக' ஆக்குவது என்ற பவுலின் சிலேடை இங்கே வேளாண்மைத் திட்டமாகிறது. மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். மேய்ப்பனும் வேண்டாம், மறைத்து வைக்கிற பெயரும் வேண்டாம் என்று சொல்கிற ஒரு தன்னிலையை நான் அந்தத் தலைப்பில் வாசிக்கிறேன். 'வேலைக்காரர்' என்று எழுதிய கைகளுக்கு அதுவே பதில்.

6

இரண்டு ஆட்சேபங்களை எதிர்பார்க்கிறேன்.

ஒன்று, இறையியல் நண்பர்களுடையது. பவுல் அன்றைய சூழலில் அவ்வளவுதான் செய்ய முடிந்தது, சகோதரன் என்ற சொல்லை விதைத்தார், அது பின்னால் முளைத்தது என்பார்கள். விதை உவமை அழகுதான். ஆனால் கங்ராவில் சபிக்கப்பட்டவர்கள் அதே காலத்தில் வேறு மாதிரிச் செய்ய முடிந்தது. கிரகோரியால் பேச முடிந்தது. ஹிப்போ சனங்களால் கப்பலுக்குப் போக முடிந்தது. 'காலம் அப்படி' என்கிற வாதம் எப்போதும் எஜமானனுக்கு மட்டும்தான் சலுகை காட்டுகிறது. சபையை உள்ளே இருந்தே இப்படிக் கேள்வி கேட்டவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். தியோபிலஸ் அப்பாவு பரட்டை என்கிற பெயரில் நாட்டுப்புற மெட்டில் இறையியல் செய்தார். 1992இல் வந்த பாமாவின் 'கருக்கு' மடத்துக்குள் இருக்கிற சாதியை அம்பலப்படுத்தியது. தனிக் கல்லறைத் தோட்டங்கள் இருக்கிற ஊர்களில் கலாத்தியர் நிருபத்தை வாசிப்பதற்குக் கொஞ்சம் கூச்சம் வேண்டும் என்பதைத்தான் இவர்கள் சொன்னார்கள்.

மற்றது, பகுத்தறிவுத் தோழர்களுடையது. இதெல்லாம் மதத்துக்குள் நடக்கிற சில்லறைச் சண்டை, நிலமும் கூலியும்தான் விஷயம் என்பார்கள். விஷயம் அதுதான், மறுக்கவில்லை. ஆனால் அரசு அப்படி நினைக்கவில்லையே! 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியை மதத்தோடு கட்டி வைத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் உள்ளே வந்தார்கள். கிறிஸ்தவத் தலித் இன்றும் வெளியே. கிறிஸ்தவத்தில் சாதி இல்லை, ஆகையால் நீ தலித் இல்லை என்கிறது சட்டம். பவுலின் வரியை இவ்வளவு விசுவாசமாக நம்புகிற ஒரே நிறுவனம் இந்திய அரசுதான் போலும். அடிமையும் இல்லை சுதந்திரனும் இல்லை என்கிற வாக்கு, உரிமை கேட்கிறவனின் வாயை அடைக்கிற வாக்காக மாறுகிற இடம் இது. மதத்தைப் பற்றிப் பேசாமல் இதை எப்படிப் பேசுவது?

1994இல் செங்கல்பட்டுப் பகுதியில், காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராட்டம் நடந்தது. 1892 உத்தரவின் வழி வந்த உரிமையைத்தான் சனங்கள் திரும்பக் கேட்டார்கள். அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்று இரண்டு பேர் செத்தார்கள். ஒரு பெயர் வேதாகமத்திலிருந்து வந்தது, இன்னொன்று திருப்பதி மலையிலிருந்து வந்தது. துப்பாக்கி இரண்டையும் ஒன்றாகத்தான் வாசித்தது. நாம்தான் கூட்டங்களில் இரண்டாகப் பிரித்து வாசித்துக்கொண்டிருக்கிறோம்.

அதற்குப் பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையும் பழைய மாமல்லபுரம் சாலையும் அகலமாகின. சென்ட் விலை ஏறியது. 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகவும் ஆனது. நிபந்தனைப் பட்டா நிலங்கள் யார் யார் பேரில் இருக்கின்றன என்று தாலுகா அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும், அது எப்படிப்பட்ட கேள்வி என்று. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். அதற்கு இவ்வளவு வருஷம் கழித்தும் இந்த வட்டாரத்துச் செங்கல் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்ட செய்திகள் வந்துகொண்டிருந்தன. முன்பணம் வாங்கியிருக்கிறார்கள், அவர்கள் வேலைக்காரர்கள்தான் என்று முதலாளி தரப்பு சொல்லும். சொல் எங்கிருந்து வருகிறது என்று இப்போது நமக்குத் தெரியும்.

ஆகையால் ஆதி கிறிஸ்தவம் அடிமையை ஆதரித்ததா எதிர்த்ததா என்று யாராவது இனி கேட்டால், நான் இரண்டு கேள்வியைத் திருப்பிக் கேட்பேன். அந்த நிருபம் வாசிக்கப்பட்டபோது ஒநேசிமு எங்கே நின்றுகொண்டிருந்தான்? வாசித்து முடித்த பிறகு ராத்திரி தூங்க எங்கே போனான்? அவனுக்கு ஒரு மனைக்கட்டு இருந்தது, அது அவன் பேரில் இருந்தது என்று காட்டுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.